ஒரே இரவில் அரிப்பை அடக்கிய களிம்புக்கு ஏன் ஒரே ஒரு நட்சத்திரம்

உள்தொடை அரிப்புக்காக ஏறத்தாழ ஐந்து மாதங்களுக்குள் நான் நான்கு பொருள்களை வாங்கிப் பயன்படுத்தியிருக்கிறேன்: குளிர்ச்சி தரும் ஒரு பவுடர், மூன்று மருந்துகளை ஒன்றாகக் கலந்த ஒரு களிம்பு, குளோட்ரிமசோல் என்ற பூஞ்சை எதிர்ப்பு மருந்து மட்டும் உள்ள ஒரு களிம்பு, கடைசியாக டெர்பினாஃபின் என்ற மற்றொரு பூஞ்சை எதிர்ப்பு மருந்து மட்டும் உள்ள ஒரு களிம்பு. பூசிய முதல் இரவிலேயே என்னைத் தூங்கவைத்தது அந்த மூன்று மருந்துக் கலவைதான். அதற்கு நான் கொடுப்பது ஐந்தில் ஒரு நட்சத்திரம். நான்கு நாள்வரை பூசியதும் பூசாததும் ஒன்றுபோலவே இருந்த டெர்பினாஃபினுக்கு நான்கு நட்சத்திரம் கொடுக்கிறேன்.

இந்த மதிப்பெண்கள் தலைகீழாகத் தெரியலாம். நானும் பிறர் எழுதிய மதிப்புரைகளைப் படித்துவிட்டுத்தான் முதலில் வாங்கினேன். பூசிய மறுநாளே அரிப்பு நின்றது என்று யாரோ எழுதியிருந்ததைப் பார்த்தபின் மேற்கொண்டு எதையும் படிக்கவில்லை. அவர் எழுதியது பொய்யில்லை. ஆனால் தொடை இடுக்கைப் பொறுத்தவரை அரிப்பு நிற்பதும் நோய் தீர்வதும் வெவ்வேறு நிகழ்ச்சிகள். அரிப்பு குறைந்துகொண்டே வரும் அதே நாள்களில் நோய் சத்தமில்லாமல் வளர்ந்துகொண்டும் இருக்கலாம். எனக்கு அப்படித்தான் நடந்தது.

தொடக்கத்தில் இடது தொடையின் உட்புறத்தில், இரண்டு தொடைகளும் உரசும் இடத்துக்குச் சற்று மேலே, ஒரு பொத்தான் அளவுக்குச் சிவந்திருந்தது. பகலில் அது இருப்பதே தெரியாது. நீண்ட நேரம் உட்கார்ந்து வேலை பார்த்துவிட்டு எழுந்தாலோ, வியர்வையில் நனைந்த உடையை மாற்றினாலோ, அந்த இடம் மட்டும் தனியாக விழித்துக்கொண்டு நமைக்கும். சொறிந்தால் சுகமாக இருக்கும், சொறிந்து முடித்தவுடன் எரியும். இரண்டு வாரங்களில் அது பிறைவடிவமாக நீண்டது. உள்பகுதி ஓரளவு வெளுத்துப் பழைய தோல்போல ஆனது, ஆனால் வெளிவிளிம்பு கயிறு வைத்துத் தைத்ததுபோல மெல்லியதாகப் புடைத்து, அதன்மேல் மாவு தூவினாற்போன்ற செதில்களோடு இருந்தது. இப்போது யாராவது இதே வருணனையைச் சொன்னால் படர்தாமரையாக இருக்கலாம் என்று சந்தேகிக்கும் அளவுக்கு எனக்கு விவரம் தெரியும். அப்போது அதை வியர்வைக்கோளாறு என்றே நினைத்தேன், அதனால் பவுடர் வாங்கினேன்.

பவுடரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அதிலிருந்த மெந்தால் தோலைக் குளிரவைத்து, நரம்புகளின் கவனத்தை அரிப்பிலிருந்து சிறிதுநேரம் திருப்பியது. நடக்கும்போது உராய்வும் குறைந்தது. ஆனால் வியர்வை ஊறியதும் பவுடர் மடிப்புகளில் திரண்டு, மணல் உருண்டைபோல உறுத்தத் தொடங்கியது. வெறும் உராய்வாலும் ஈரத்தாலும் தோல் சிவந்து எரிகிறவர்களுக்கு இது ஓரளவு உதவலாம். அவர்களுக்குக்கூடத் துத்தநாக ஆக்சைடு கலந்த களிம்போ சாதாரணப் பெட்ரோலியம் ஜெல்லியோ தோலுக்கு மேல் ஒரு திரைபோல நின்று இதைவிட நன்றாகவே காப்பாற்றும். இரண்டு நட்சத்திரம்.

அடுத்து வந்தது கதையின் நாயகன்போல வேடமிட்ட வில்லன். மருந்துக்கடையில் குரலைத் தாழ்த்தி, "தொடை இடுக்கில் அரிப்பு" என்றேன். கடைக்காரர் எதையும் கேட்கவில்லை, நானும் எதையும் காட்டும் நிலையில் இல்லை. இருவருக்கும் சங்கடம் சீக்கிரம் முடிந்தால் போதும் என்றிருந்தது. அவர் நீட்டிய பெட்டியின் முகப்பில் பெயரைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. பின்பக்கத்தில், எறும்பு ஊர்ந்ததுபோன்ற எழுத்தில், மூன்று மருந்துகளின் பெயர்கள் இருந்தன: பூஞ்சையைத் தடுக்க ஒன்று, பாக்டீரியாவைக் கொல்ல ஒன்று, அவற்றோடு 0.05 சதவீத க்ளோபெட்டசால் புரோப்பியோனேட். இந்தக் கடைசிப் பெயரின் பொருள் எனக்கு அன்று தெரிந்திருந்தால் பெட்டியை அங்கேயே திருப்பிக் கொடுத்திருப்பேன். தோலில் பூசும் ஸ்டீராய்டுகளை வீரியத்தின்படி வரிசைப்படுத்தினால் உச்சத்தில் இருப்பவற்றுள் ஒன்று அது.

ஒரு பொருள் என்ற அளவில் அக்களிம்பில் குறை சொல்ல முடியாது. வழவழப்பாக, மணமில்லாமல், பூசியவுடன் தோலுக்குள் இறங்கிவிடுவதாக இருந்தது. அன்றிரவு அரிப்பு இல்லை. மூன்றாம் நாள் சிவப்பு மங்கியது, செதில்கள் மறைந்தன, புடைத்திருந்த விளிம்பு தட்டையானது. இந்த நேரத்தில் நான் மதிப்புரை எழுதியிருந்தால் ஐந்து நட்சத்திரங்களையும் அள்ளிக் கொடுத்திருப்பேன்.

தற்செயலாக நான் செய்திருந்த ஒரு சிறு காரியம் என்னைப் பின்னர் யோசிக்கவைத்தது. களிம்பு பூசத் தொடங்கிய அன்று, எவ்வளவு வேகமாகக் குறைகிறது பார்க்கலாம் என்ற ஆர்வத்தில், பேனாவால் அந்தச் சிவப்பின் விளிம்பைச் சுற்றி ஒரு கோடு வரைந்திருந்தேன். குளிக்கும்போதெல்லாம் கோடு மங்கும். மங்கிய கோட்டின்மேல் மீண்டும் வரைவேன். இரண்டாம் வாரத்தில் கோட்டுக்கு உள்ளே தோல் பார்க்க நன்றாகவே இருந்தது, ஆனால் கோட்டுக்கு வெளியே, ஏறத்தாழ விரற்கடை அகலத்துக்கு, வெளிர்சிவப்பாக, விளிம்பே இல்லாத, என்னவென்று சொல்லமுடியாத ஒரு நிறமாற்றம் பரவியிருந்தது. அரிப்பு இல்லாததால் அதைப் பொருட்படுத்தவில்லை. மூன்றாம் வாரம் களிம்பை நிறுத்தினேன். நான்காம் நாள் இரண்டு தொடைகளும் ஒருசேரப் பற்றி எரிந்தன. இரண்டாவது டியூப் வாங்கினேன், அடங்கியது. நிறுத்தினேன், முன்னைவிட அகலமாகத் திரும்பியது. மூன்றாவது டியூப் வாங்கக் கிளம்பியபோதுதான், மருந்தை நிறுத்தினால் நோய் இரட்டிப்பாகிறது என்றால் நான் எதற்கு மருந்து பூசிக்கொண்டிருக்கிறேன் என்ற கேள்வி எழுந்தது.

விடை சிக்கலானதன்று. படர்தாமரையை உண்டாக்கும் பூஞ்சைகள், அவற்றுள் முதன்மையான ட்ரைக்கோஃபைட்டான் ரூப்ரம் உட்பட, நம் தோலின் மேலடுக்கிலுள்ள கெரட்டின் என்ற புரதத்தைத் தின்று வாழ்கின்றன. சிவப்பும் வீக்கமும் நமைச்சலும் பெரும்பாலும் பூஞ்சையின் வேலையல்ல, பூஞ்சையை எதிர்த்து நம் உடல் நடத்தும் போராட்டத்தின் அறிகுறிகள். ஸ்டீராய்டு அந்தப் போராட்டத்தை நிறுத்திவிடுகிறது. சண்டைச் சத்தம் ஓய்ந்ததால் வீடு அமைதியாகிவிட்டது என்று நாம் நினைக்கிறோம். உள்ளே திருடன் ஒவ்வோர் அறையாகத் திறந்துகொண்டிருக்கிறான். கலவையிலுள்ள பூஞ்சை எதிர்ப்பு மருந்து வேலை செய்யாமலில்லை, ஆனால் உடலின் துணையில்லாமல் அது தனித்துப் போராடவேண்டியிருக்கிறது. இப்படி ஸ்டீராய்டால் உருமாறி, வளைய வடிவத்தையும் செதில் விளிம்பையும் இழந்து, வேறு ஏதோ நோய்போலத் தோன்றும் படர்தாமரைக்கு டீனியா இன்காக்னிட்டோ என்று பெயர். அடையாளத்தை மறைத்துக்கொண்ட படர்தாமரை என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். ஐவ், மார்க்ஸ் என்ற இரு மருத்துவர்கள் 1968-ஆம் ஆண்டிலேயே இதை விவரித்து எழுதிவிட்டார்கள்.

தொடை இடுக்கில் ஸ்டீராய்டு பூசுவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. உடலின் எல்லா இடத்துத் தோலும் மருந்தை ஒரே அளவில் உறிஞ்சுவதில்லை. ஃபெல்ட்மன், மைபாக் என்ற இரு ஆய்வாளர்கள் 1967-இல் வெளியிட்ட ஆய்வில், முன்கையின் தோல் உறிஞ்சும் ஹைட்ரோகார்ட்டிசோனைப்போல விதைப்பையின் தோல் 42 மடங்கு உறிஞ்சுவதாகக் கண்டார்கள். உள்தொடை அந்த அளவுக்கு மெல்லியதன்று. ஆனால் மடிப்புக்குள் தோலோடு தோல் ஒட்டி, ஈரமும் சூடும் சேரும்போது, கட்டுப்போட்டு மூடியதுபோன்ற நிலை உண்டாகி மருந்து ஆழமாக இறங்குகிறது. வாரக்கணக்கில் இதைத் தொடர்ந்தால் தோல் மெலியும், பிரசவத் தழும்புபோன்ற வரிகள் விழும். சிவப்பு காலப்போக்கில் மறைந்தாலும் அந்த வரிகள் முழுமையாக மறைவதில்லை. என் வலது தொடையில் அப்படி இரண்டு வரிகள் இன்றும் இருக்கின்றன. ஒரு நட்சத்திரம் கொடுத்ததுகூட, அதற்குக் கீழே கொடுக்க வழியில்லை என்பதால்தான்.

க்ளோபெட்டசால் கெட்ட மருந்து என்று சொல்லவரவில்லை. தடித்த கரப்பான், சொரியாசிஸ் போன்ற நோய்களில், உள்ளங்கை அல்லது உள்ளங்கால் போன்ற தடித்த தோலில், மருத்துவர் குறித்த நாள்களுக்கு மட்டும் பூசப்படும்போது அது மிகவும் பயனுள்ளது. என்னவென்றே தெரியாத ஓர் அரிப்புக்கு, உடலின் மெல்லிய தோலில், நோயைப் பார்க்காமலே விற்கப்படும் கலவைக்குள் அதை ஒளித்துவைப்பதுதான் எனக்கு ஒப்பவில்லை.

இதன் பிறகு தோல் மருத்துவரிடம் போனேன். மருந்துகளின் மதிப்புரையில் இதற்கு இடம் உண்டா என்று கேட்கலாம். எந்த மருந்து வேலை செய்யும் என்பதை அங்கே நடந்த பத்து நிமிடச் சோதனைதான் தீர்மானித்தது என்பதால் உண்டு. கடந்த மாதங்களில் பூசிய எல்லாவற்றின் பெட்டிகளையும் மேசைமேல் வைக்கச் சொல்லி, ஒவ்வொன்றின் பின்பக்கத்தையும் படித்தார். பிறகு மழுங்கிய கத்திமுனையால் சிவப்பின் வெளிவிளிம்பிலிருந்து செதில்களைச் சுரண்டிக் கண்ணாடித் துண்டில் எடுத்தார். நடுப்பகுதியைத் தொடவேயில்லை, பூஞ்சை உயிர்ப்போடு இருப்பது விளிம்பில்தான் என்றார். அதன்மேல் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஒரு துளி விட்டு, தோல்செல்கள் கரைந்து தெளியும்வரை காத்திருந்து, நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு என்னையும் பார்க்க அழைத்தார். தெளிவான பின்னணியில், கணுக்கணுவாகப் பிரிந்து கிளைவிட்ட மெல்லிய இழைகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடின. மாதக்கணக்கில் என்னோடு இருந்ததை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

அடுத்து அவர் சொன்னது எனக்கு வேடிக்கையாக இருந்தது: காலுறையைக் கழற்றச் சொன்னார். நான்காம் விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் இடையே தோல் வெளுத்து ஊறிப்போய், ஓரத்தில் உரிந்திருந்தது. சேற்றுப்புண் என்று பல ஆண்டுகளாக நான் அலட்சியப்படுத்திய அதுவும் பூஞ்சைதான். உள்ளாடையை அணியும்போது அது பாதத்தில் உரசிக்கொண்டு மேலே வருகிறது. காலில் இருப்பது தொடைக்கு ஏறுவதற்கு இதைவிட வசதியான வாகனம் கிடையாது. முதலில் காலுறையை அணிந்துவிட்டுப் பிறகு உள்ளாடையை அணியுங்கள் என்று அவர் சொன்ன யோசனைக்கு எந்தச் செலவும் இல்லை. தொடைக்கு மட்டும் மருந்து பூசிப் பாதத்தை விட்டுவிட்டால் எவ்வளவு நல்ல களிம்பானாலும் தோற்றுவிடும் என்பதால், கீழே நான் கொடுத்திருக்கும் நட்சத்திரங்கள் இரண்டு இடத்திலும் சேர்த்துப் பூசியதற்கானவை.

இந்தச் சோதனையின் அவசியம் இன்னொரு காரணத்தாலும் புரிந்தது. உள்தொடையில் அரிக்கும் எல்லாமே படர்தாமரை அல்ல. கேன்டிடா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சை மடிப்பின் ஆழத்தில் பளிச்சென்று சிவந்து, எரிச்சலோடு, பெரிய சிவப்புக்கு வெளியே சின்னச் சின்னப் புள்ளிகளைச் சிதறவிடும். ஆண்களுக்கு விதைப்பையிலும் பரவும். படர்தாமரை வழக்கமாக விதைப்பையை விட்டுவைக்கும் என்பது வீட்டிலேயே கவனிக்கத்தக்க ஒரு வேறுபாடு. எரித்ராஸ்மா என்ற மற்றொரு கோளாறு பூஞ்சைபோலவே பழுப்புச் சிவப்புப் பட்டையாகத் தோன்றும், ஆனால் அதற்குக் காரணம் பாக்டீரியா. வுட் விளக்கு என்ற புற ஊதா விளக்கின் ஒளியில் அது பவளச் சிவப்பில் ஒளிரும். அதற்கு எரித்ரோமைசின், கிளிண்டமைசின் போன்ற பாக்டீரியா எதிர்ப்பு மருந்துகள் தேவைப்படும், டெர்பினாஃபின் உதவாது. மடிப்புகளில் வரும் சொரியாசிஸ் செதில் இல்லாமல் வழுவழுவென்று சிவந்திருப்பதால் பூஞ்சையென்று எளிதில் ஏமாற்றும். இரவில் மட்டும் தாங்கமுடியாமல் அரித்து, வீட்டில் இன்னொருவருக்கும் அதே நேரத்தில் அரித்து, விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் சிறு கொப்புளங்கள் இருந்தால், அது நுண்ணிய பேன்போன்ற பூச்சி தோலுக்குள் வளைதோண்டுவதால் வரும் சொறிசிரங்காக இருக்கலாம். அதற்கு 5 சதவீதப் பெர்மெத்ரின் களிம்பைக் கழுத்திலிருந்து பாதம்வரை பூசவேண்டும், வீட்டிலுள்ள எல்லாரும் ஒரே நேரத்தில் சிகிச்சை எடுக்கவேண்டும்.

புதிய சோப்பு, வாசனையூட்டிய துவைப்புத்தூள், முடிநீக்கும் களிம்பு, உள்ளாடையின் எலாஸ்டிக் ஆகியவற்றால் வரும் ஒவ்வாமையும் அடிக்கடி காணப்படுவது. எலாஸ்டிக் பட்டை பதியும் கோட்டிலேயே சிவப்பு இருந்தால் விடை அங்கேயே எழுதியிருக்கிறது. வேறு காரணம் எதுவும் இல்லாமல், சொறிந்து சொறிந்தே தோல் தடித்து, தடித்ததால் மேலும் அரித்து, ஒரு வட்டத்துக்குள் மாட்டிக்கொள்கிறவர்களும் உண்டு. இவர்களுக்கெல்லாம் பூஞ்சைக்களிம்பு தோல்வியடைவது களிம்பின் குற்றமில்லை.

மருத்துவர் ஸ்டீராய்டை அன்றே நிறுத்தச் சொல்லி, நிறுத்தியபின் சில நாள்கள் எரிச்சல் கூடுதலாகத்தான் இருக்கும் என்று முன்கூட்டியே எச்சரித்தார். அரிப்பு அடங்க, இரவில் போட்டுக்கொள்ள 10 மில்லிகிராம் செட்டிரிசின் மாத்திரை கொடுத்தார். அந்த எச்சரிக்கை இல்லாமலிருந்தால் மூன்றாம் நாளே பழைய டியூபைத் தேடியிருப்பேன்.

முதலில் எழுதிக் கொடுத்தது 1 சதவீதக் குளோட்ரிமசோல். காலையும் இரவும் நான்கு வாரம் பூசவேண்டும், சிவப்பின் விளிம்போடு நிறுத்தாமல் அதற்கு அப்பால் இரண்டு சென்டிமீட்டர்வரை நல்ல தோலிலும் பூசவேண்டும் என்றார். கெட்டியான வெள்ளைக் களிம்பு. தேய்த்தால் சிறிதுநேரம் வெண்மையாகத் தெரிந்து பிறகு மறையும், வியர்வையில் கொஞ்சம் வழுக்கும். ஐந்தாம் நாளிலிருந்து அரிப்பு படிப்படியாகக் குறைந்தது, இரண்டாம் வார முடிவில் தோல் ஏறத்தாழத் தெளிந்துவிட்டது. அப்போதுதான் டியூபும் தீர்ந்தது. சரியாகிவிட்டதே என்று அடுத்த டியூபை வாங்கவில்லை. மூன்று வாரத்தில் அதே இடத்தில், அதே பிறை.

இந்தத் தவறு என்னுடையதுதான், ஆனாலும் டியூபின் அளவுக்கும் அதில் பங்குண்டு என்று இப்போது கணக்குப்போட்டுப் பார்க்கும்போது தெரிகிறது. களிம்பை ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்புக்கோடுவரை ஒரு வரியாகப் பிதுக்கினால் அது ஏறத்தாழ அரைக் கிராம். விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவுள்ள பரப்புக்கு அது போதும். என் இரண்டு தொடைகளிலும், விளிம்புக்கு அப்பாலுள்ள பகுதியையும் சேர்த்து, தலா ஓர் உள்ளங்கை அளவு பரப்பு இருந்தது. ஆக, ஒருமுறை பூச அரைக் கிராம், நாளொன்றுக்கு இருமுறை என்றால் ஒரு கிராம். நான் வாங்கிய 15 கிராம் டியூப் பதினைந்தாம் நாள் தீரும். தேவையோ 28 கிராம். நோய் தீர்ந்ததுபோலத் தோன்றும் நாளும் டியூப் காலியாகும் நாளும் ஒன்றாக வந்து சேர்வதைவிட ஏமாற்றும் தற்செயல் வேறென்ன இருக்கமுடியும்? வாங்குகிறவர்கள் முதல் நாளே இரண்டு டியூப்களாகவோ பெரிய டியூபாகவோ வாங்கிவிடுவது நல்லது. குளோட்ரிமசோலுக்கு என் மதிப்பு மூன்றரை நட்சத்திரம். கேன்டிடா, படர்தாமரை இரண்டிலும் வேலை செய்யும் என்பது அதன் தனிச்சிறப்பு. நீண்ட நாள் பூசும் பொறுமையைக் கேட்கிறது என்பது அதன் குறை.

இரண்டாம் முறை மருத்துவர் 1 சதவீத டெர்பினாஃபினுக்கு மாற்றினார். இரண்டு மருந்துகளும் பூஞ்சையின் செல்சவ்வுக்குத் தேவையான எர்கோஸ்டெரால் என்ற பொருள் உருவாவதைத் தடுப்பவைதான், ஆனால் தடுக்கும் இடம் வேறு. குளோட்ரிமசோல் பெரும்பாலும் பூஞ்சையின் வளர்ச்சியை நிறுத்திவைக்கிறது. வளராத பூஞ்சை பழைய தோலோடு உதிர்ந்துபோகும்வரை நாம் பூசிக்கொண்டே இருக்கவேண்டும். டெர்பினாஃபின் முன்கட்டத்திலேயே தடுப்பதால் ஸ்குவாலீன் என்ற பொருள் பூஞ்சையின் செல்லுக்குள் குவிந்து, படர்தாமரைப் பூஞ்சையைக் கொன்றே விடுகிறது. மேலும் அது தோலின் மேலடுக்கில் தங்கி, பூசுவதை நிறுத்திய பிறகும் சில நாள்கள் வேலை செய்கிறது. அதனால்தான் சாதாரணத் தொடை இடுக்குப் படர்தாமரைக்கு நாளொன்றுக்கு ஒருமுறையோ இருமுறையோ ஒன்றிரண்டு வாரம் பூசினாலே போதும் என்கிறார்கள். ஸ்டீராய்டு ஊறிய தோல் என்பதால் எனக்கு நாளுக்கு ஒருமுறை வீதம் நான்கு வாரம் என்றார். ஒருமுறை மட்டும் என்பதால் அதே 15 கிராம் டியூப் தொடைகளுக்கு முப்பது நாள் வந்தது. பாதங்களுக்கு இன்னொரு டியூப் வாங்கினேன்.

குளித்து, துடைத்து, தோல் முழுவதும் உலரும்வரை ஐந்து நிமிடம் காத்திருந்து பூசினேன். மெல்லிய களிம்பு, எண்ணெய்ப்பசையில்லை, உடையில் கறை இல்லை, சொல்லும்படியான மணமும் இல்லை. சொறிந்து வெடித்திருந்த ஓரிடத்தில் முதல் இரண்டு நாள் சுருக்கென்று எரிந்து, ஒரு நிமிடத்தில் அடங்கியது. மீண்டும் பேனாக்கோடு வரைந்தேன். முதல் நான்கு நாள் எதுவுமே நடக்கவில்லை, கலவைக் களிம்பின் மாயத்தைப் பார்த்துப் பழகிய மனத்துக்கு இது பெரிய சோதனை. ஐந்தாம் நாள் காலையில், இரவில் ஒருமுறைகூடச் சொறியவில்லை என்பது நினைவுக்கு வந்தது. பத்தாம் நாள் விளிம்பின் புடைப்பைக் கையால் தடவிக் கண்டுபிடிக்க முடியவில்லை. முதல்முறையாகச் சிவப்பு கோட்டுக்கு உள்ளேயே சுருங்கிக்கொண்டு போனது. நிறுத்தி மூன்று மாதமாகிறது, திரும்பவில்லை.

ஐந்தாவது நட்சத்திரத்தை நான் பிடித்துவைத்ததற்குக் காரணம் உண்டு. கேன்டிடாவுக்கு எதிராக இதன் வலிமை குறைவு, ஆகவே காரணம் தெரியாமல் வாங்கினால் ஏமாற்றமே மிஞ்சலாம். அதைவிடக் கவலைக்குரியது, டெர்பினாஃபினுக்குக் கட்டுப்படாத ட்ரைக்கோஃபைட்டான் இன்டோட்டினியே என்ற பூஞ்சை வகை இப்போது பல நாடுகளில் பரவியிருப்பது. இது தாக்கியவர்களுக்கு அகலமான, கடுமையாக அரிக்கும் படைகள் தொடையிலிருந்து இடுப்பு, பிட்டம் என்று பரவும். ஒழுங்காகப் பூசியும் பலனிருக்காது. இவர்களுக்கு இட்ராகொனசோல் போன்ற மாத்திரைகளை மருத்துவர் வாரக்கணக்கில் கொடுக்கவேண்டியிருக்கும், அந்த மாத்திரைகள் கல்லீரலையும் பிற மருந்துகளையும் பாதிக்கக்கூடியவை என்பதால் அவற்றைக் கடையில் கேட்டு வாங்கித் தாமே விழுங்குவது பெரும் தவறு. இரண்டு வாரம் முறையாகப் பூசியும் விளிம்பு நகராவிட்டால் களிம்பை மாற்றிக்கொண்டே போகாமல் சோதனைக்குப் போவதே சரி. சர்க்கரை நோய் உள்ளவர்களும், கருவுற்றவர்களும், பாலூட்டுகிறவர்களும், நோயெதிர்ப்பாற்றல் குறைந்தவர்களும், சீழ், காய்ச்சல், வேகமாகப் பரவும் வலி ஆகியவை உள்ளவர்களும் இரண்டு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

களிம்போடு சேர்த்துச் செய்தவற்றையும் குறிப்பிடவேண்டும், அவற்றை விட்டுவிட்டு நட்சத்திரம் கொடுப்பது நியாயமாகாது. இடுக்குக்கும் பாதத்துக்கும் தனித்தனித் துண்டு வைத்துக்கொண்டேன். உள்ளாடைகளையும் துண்டுகளையும் 60 டிகிரி வெந்நீரில் துவைத்து, ஈரம் சற்றும் இல்லாமல் உலர்த்தினேன். இறுக்கமான செயற்கை இழை உடைகளை ஒதுக்கி, தளர்ந்த பருத்தி உடைக்கு மாறினேன். இடையில் பொறுமை இழந்து பூண்டை அரைத்துப் பூசலாமா, கிருமிநாசினித் திரவத்தை அப்படியே ஊற்றலாமா என்று யோசித்ததையும் ஒப்புக்கொள்கிறேன். இரண்டுமே இந்த மெல்லிய தோலை வெந்து கொப்பளிக்கவைக்கக் கூடியவை என்று மருத்துவர் சொன்னதால் தப்பித்தேன்.

அரிப்பும் பூஞ்சையும் போனபிறகு பிறை இருந்த இடத்தில் காப்பிக்கொட்டை நிறத்தில் ஒரு கருமை தங்கியது. அதைப் பார்த்து நோய் இன்னும் இருக்கிறதென்று பயந்து கேட்டேன். வீக்கம் விட்டுச்சென்ற நிறமி அது, செதிலும் அரிப்பும் இல்லாதவரை மருந்து தேவையில்லை, தானாக மங்கச் சில மாதங்கள் ஆகும் என்றார். வெளுக்கவைப்பதாகச் சொல்லும் களிம்புகள் சிலவற்றிலும் ஸ்டீராய்டு ஒளிந்திருக்கும் என்பதால் அந்தப் பக்கமே போகவில்லை. இப்போது இடது தொடையில் அந்தக் கருமை வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிறது. வலது தொடையின் இரண்டு வரிகள் அப்படியே இருக்கின்றன.